அழகான கேக், செத்த ஆன்டிபாடி

முதல் தடவை லையோ செய்து, அதாவது ஆன்டிபாடிக் கரைசலை உறைய வைத்து உலர்த்தி, எடுத்த குப்பிகளைப் படம் பிடித்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குப்பியின் அடியில் வெள்ளை வெளேரென்று, ஓரம் கூடப் பிசிறாமல், சின்ன வட்டமாக உட்கார்ந்திருந்தது. "மினி இட்லியா?" என்று அம்மா கேட்டாள். எங்கள் ஆய்வகத்தில் அதற்குக் கேக் என்று பெயர். இட்லி என்றே வைத்திருக்கலாம், தப்பில்லை.

அந்த இட்லிக்குள் இருந்த ஆன்டிபாடியில் பெரும்பகுதி அப்போதே செத்துப்போயிருந்தது. அது எனக்குத் தெரியவர ஆறு வாரம் ஆயிற்று.

நான் வேலை பார்ப்பது நோயறியும் கிட் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். சென்னைக்கு வெளியே, நாலு அறை, ஒரு ஜெனரேட்டர். எங்கள் கிட்டின் உயிரே அதிலுள்ள மோனோகுளோனல் ஆன்டிபாடிதான், குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் ஒரே வகைப் புரதம். உருக்குலைந்து பிடிக்க முடியாமல் போனால் அதைத்தான் செத்தது என்கிறேன். திரவமாக இருந்தால் அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கிட்டோ வெளியூர் லேபுகளுக்குப் போகிறது. மே மாதத்தில் ஐஸ் பை போட்டு அனுப்பி, பார்சல் ஆபீஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்துவிட்டால் ஐஸ் பை வெந்நீர்ப் பையாகிவிடும். அதனால்தான் உறைய வைத்து உலர்த்தி அனுப்பலாம் என்று முடிவு. லையோபிலைசேஷன் என்பதை நாங்கள் லையோ என்று சுருக்கிவிட்டோம்.

எனக்கு இதில் பெரிய பயம் இருக்கவில்லை. வடாம், மோர்மிளகாய், கருவாடு என்று எதையும் உலர்த்தி வைக்கிற ஊர்தானே நம்முடையது. வெயிலில் காயவைத்தால் புரதம் கெடும், சரி. லையோவில் சூடே கிடையாது. கரைசலை உறைய வைக்கிறோம், காற்றை உறிஞ்சி எடுக்கிறோம், பனிக்கட்டி தண்ணீராகாமல் நேராக ஆவியாகிப் போகிறது. சூடு இல்லாத இடத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். குளிர்ச்சி ஒரு ஆபத்தாக என் கணக்கில் வரவே இல்லை.

சின்ன வயதில் குச்சி ஐஸ் தின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே பிடிபடும். பள்ளிக்கூட வாசலில் வாங்கிய சிவப்பு ஐஸை வாயில் வைத்து இழுத்து உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிடும். கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பனி. ஏனென்றால் தண்ணீர் உறையும்போது தன்னை மட்டும்தான் உறைய வைக்கும். சர்க்கரை, சாயம், உப்பு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். அவை பனிப் படிகங்களுக்கு நடுவில் இருக்கும் குறுகலான சந்துகளில் கெட்டிப்பாகாகத் தேங்கி நிற்கும்.

ஆன்டிபாடி உறையும்போதும் அதே கதைதான். 0.9% உப்புக் கரைசலை உறைய வைத்தால், மைனஸ் 21 டிகிரியை நெருங்கும்போது அந்தச் சந்துகளில் உப்பு 23% வரை ஏறிவிடும். ஆன்டிபாடி அந்தக் கெட்டி உப்புநீரில், சக ஆன்டிபாடிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

உப்பை விடப் பெரிய வில்லன் என் பஃபர், அதாவது பி.எச். என்ற அமில-கார அளவை ஒரே இடத்தில் பிடித்துவைக்க வேண்டிய கரைசல். எல்லா ஆய்வகத்திலும் கை போகும் இடம் பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசல்தான், நானும் அதையே எடுத்தேன். அதில் இருப்பது சோடியம் பாஸ்பேட், காரப் பக்கம் ஒன்றும் அமிலப் பக்கம் ஒன்றுமாக இரண்டு உப்புகள். உறையும்போது காரப் பக்கத்து டைசோடியம் உப்பு முந்திக்கொண்டு படிகமாகி ஒதுங்கிவிடும். சந்துகளில் மிஞ்சுவது அமிலப் பக்கம் மட்டும். அறை வெப்பநிலையில் 7-க்கு மேல் இருந்த பி.எச். 4 வரை கூட இறங்கலாம். இதை நான் முதலில் நம்பவில்லை. கொஞ்சம் பி.பி.எஸ்.ஸில் யுனிவர்சல் இண்டிகேட்டர் சொட்டு விட்டு ஃப்ரீசரில் வைத்தேன். பச்சையாக உள்ளே போனது மஞ்சளாகி, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து வெளியே வந்தது. உருகியதும் மறுபடி பச்சை. உருகிய பிறகு பி.எச். மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி 7.4 காட்டும். திருட்டைப் பார்த்தது அந்த இண்டிகேட்டர் மட்டும்தான். செலவே இல்லாத இந்தச் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களை முதல் வாரத்திலேயே செய்யச் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் முதல் தொகுதியை நான் எப்படித் தேர்ச்சி பெற வைத்தேன்? அதுதான் வெட்கப்பட வேண்டிய இடம். ஒரு குப்பியைக் கரைத்தேன். லேசான மங்கல் இருந்தது, குமிழி என்று நினைத்துவிட்டேன். வழக்கமான நீர்ப்பில், அதாவது 500 மடங்கு, எலைசா போட்டேன். ஆன்டிபாடி ஒட்டிய அளவுக்குத் தட்டில் நிறம் ஏறும் சோதனை அது. பழைய திரவ ஆன்டிபாடியோடு ஒப்பிட்டால் அளவீடு கிட்டத்தட்ட சமம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த நீர்ப்பில் ஆன்டிபாடி தேவைக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது என்பதை யோசிக்கவில்லை. தட்டில் இருக்கும் இடமெல்லாம் நிரம்பிய பிறகு மேலே எவ்வளவு ஊற்றினாலும் நிறம் ஏறாது. அதே மாதிரி, பாதி செத்தாலும் நிறம் இறங்காது. ஆறு வாரம் கழித்துக் கிட்டின் கட்ஆஃப், அதாவது நோய் உண்டா இல்லையா என்று பிரிக்கும் எல்லை, தடுமாறுகிறது என்று புகார் வந்து, 500-லிருந்து இரண்டிரண்டு மடங்காக நீர்த்து முழு வரைகோடும் போட்டபோதுதான் லையோ செய்த ஆன்டிபாடியின் கோடு இடப்பக்கம் வெகுதூரம் நகர்ந்திருப்பது தெரிந்தது.

ஒரே நீர்ப்பில் எடுத்த அளவீட்டை நான் அதற்குப் பிறகு எவர் காட்டினாலும் வாங்குவதில்லை. புரதம் எவ்வளவு என்று பார்க்க 280 நானோமீட்டர் ஒளியில் எடுக்கும் அளவும் ஆறுதலுக்குத்தான் உதவும். செத்த புரதமும் அதே ஒளியைத்தான் உறிஞ்சும். 350-இல் ஒரு அளவு எடுத்தால் மங்கல் இருக்கிறதா என்பதாவது தெரியும். கட்டிகளைப் பார்க்க அளவுவாரியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபி இருந்தால் நல்லது. எங்களிடம் இல்லை, மாதிரியை வெளியே கொடுத்துத்தான் பார்க்கிறோம்.

கொலை எந்த இடத்தில் நடந்தது என்று பிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே கரைசலை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒன்று உறையாமல் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இன்னொன்றை உறைய வைத்து உருக்க வேண்டும். மூன்றாவதை முழுக்க உலர்த்திக் கரைக்க வேண்டும். மூன்றையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் போதும். எங்கள் ஆன்டிபாடியில், உறைந்து உருகியதே அடிபட்டிருந்தது. உலர்த்தியது அதைவிடக் கொஞ்சம்தான் மோசம். இரண்டு நாள் இயந்திரத்தை ஓட்டி நான் உலர்த்தியது ஏற்கனவே செத்ததை. இப்போதெல்லாம் புதுக் கலவை எதுவாக இருந்தாலும் ஐந்து தடவை உறைய வைத்து உருக்கிப் பார்ப்பேன். அதில் தேறாதது இயந்திரத்துக்குள் போகாது. ஒரு நாள் வேலை, பெரிய கரண்ட் செலவும் கிடையாது.

சரி, பி.பி.எஸ். வேண்டாம், வேறென்ன? எனக்குப் பாடம் சொன்னது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம். உலர்த்திய நிலையில் விற்கும் ஆன்டிபாடி மருந்துகள் பல உண்டு. உள்ளே என்னென்ன எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப்பின் 440 மில்லிகிராம் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை 400 மில்லிகிராம், பஃபராக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இரண்டு வடிவமும் சேர்ந்து 16 மில்லிகிராம், 1.8 மில்லிகிராம் பாலிசார்பேட் 20. அவ்வளவுதான், சமையல் உப்பே கிடையாது. கரைத்த பிறகு பி.எச். 6 வாக்கில் நிற்கும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப்பில் 100 மில்லிகிராம் ஆன்டிபாடிக்கு 500 மில்லிகிராம் சுக்ரோஸ், அதாவது நம் வீட்டுச் சர்க்கரை, அரை மில்லிகிராம் பாலிசார்பேட் 80. இதிலும் உப்பு இல்லை. ஆனால் சோடியம் பாஸ்பேட் இருக்கிறது! பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அளவைப் பார்த்தால் புரியும்: இரண்டு பாஸ்பேட்டும் சேர்ந்து 8 மில்லிகிராம் சொச்சம், சர்க்கரை 500. இவ்வளவு பாகுக்கு நடுவில் அந்தக் கொஞ்சூண்டு பாஸ்பேட்டுக்குப் படிகமாக வழியே கிடைப்பதில்லை. பாஸ்பேட் கூடவே கூடாது என்று சட்டம் பேசிக்கொண்டிருந்த நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் 20 மில்லிமோலார் ஹிஸ்டிடினுக்கு மாறினோம், பி.எச். 6. டிரிஸ் பஃபரையும் பார்த்தோம். அது குளிரக் குளிர பி.எச்.ஐ மேலே ஏற்றும் பழக்கம் உள்ளது, எங்கள் ஆன்டிபாடிக்கு ஒத்துவரவில்லை. பாஸ்பேட்டே வேண்டும் என்றால் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பைப் போடலாம், ஆட்டம் குறையும்.

அப்புறம் சர்க்கரை. இது ஏன் காப்பாற்றுகிறது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். புரதத்தைச் சுற்றிக் கைகோத்து நின்ற தண்ணீர் மூலக்கூறுகள் போனதும் அந்த இடத்தில் சர்க்கரை வந்து கைகோத்துக்கொள்கிறது என்பது ஒன்று. சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகி, புரதத்தை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது என்பது மற்றது. இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படியானாலும் சர்க்கரை கண்ணாடி நிலையில் இருந்தாக வேண்டும். கற்கண்டாகிவிட்டால் பயனில்லை, அது புரதத்தை வெளியே தள்ளிவிட்டுத் தனியாகப் படிகமாகிக்கொள்ளும். பஞ்சுமிட்டாயாக இருக்க வேண்டும். பஞ்சுமிட்டாய் என்பது உண்மையிலேயே கண்ணாடி நிலையில் இழுக்கப்பட்ட சுக்ரோஸ்தான். திருவிழாவில் வாங்கி, கடற்கரைக் காற்றில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் சுருங்கி, ஒட்டி, கோலிக்குண்டு அளவுக்கு ஆகிவிடும் இல்லையா? ஈரம் ஏறியதும் கண்ணாடி இளகிவிடுகிறது. நல்ல கேக்குக்கும் நாளடைவில் வரக்கூடிய வியாதி அதுதான்.

எவ்வளவு சர்க்கரை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2001-இல் வந்த ஒரு ஆய்வில், ஒரு ஆன்டிபாடி மூலக்கூறுக்கு 360 சர்க்கரை மூலக்கூறு என்ற விகிதம் இருந்தால் 40 டிகிரியில் வைத்தாலும் தாங்குகிறது என்று கண்டார்கள். எடையில் சொன்னால், சுக்ரோஸ் 342, ஆன்டிபாடி ஒன்றரை லட்சம் வாக்கில், ஆக ஒரு கிராம் ஆன்டிபாடிக்கு முக்கால் கிராமுக்குச் சற்று மேல். நான் இதை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு தொகுதியைக் கெடுத்தேன். எங்கள் கரைசலில் ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான். அதற்கு அந்த விகிதத்தில் சர்க்கரை போட்டால் 0.1% கூட வராது. கேக் உருவாகவே பொருள் போதாமல், சிலந்தி வலை மாதிரி ஒன்று உண்டாகி, ஆவியோடு பறந்து குப்பியின் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. மருந்துக்காரர்கள் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், அதற்கும் மேல் என்று வேலை செய்கிறவர்கள். நம்மைப் போல நீர்த்த கரைசல்காரர்களுக்கு மொத்தத் திடப்பொருள் 2 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற கணக்குத்தான் முதலில். 5% சுக்ரோஸில் நிறுத்தினோம், அப்புறம் மாற்றவில்லை.

லாக்டோஸ் மலிவு என்று போட்டுப் பார்த்தவர்கள் எங்களில் உண்டு. கேக் வந்தது, நன்றாகவே வந்தது. 45 டிகிரி இன்குபேட்டரில் சில வாரம் இருந்ததும் மெல்ல மஞ்சள் பூத்தது. பால்கோவாவைக் கிளறக் கிளற நிறம் மாறுவது எதனால்? பாலில் உள்ள லாக்டோஸ் பால் புரதத்தோடு சேர்ந்து வேலை செய்வதால். குப்பிக்குள் அதே பால்கோவா சத்தமில்லாமல் கிளறப்பட்டுக்கொண்டிருந்தது. குளுக்கோஸ், மால்டோஸுக்கும் இதே குணம். சுக்ரோஸ், டிரெஹலோஸ் இரண்டும் அப்படிச் சேட்டை செய்யாது. ஆனால் பி.எச். மிகவும் அமிலமானால் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துபோகும், அப்புறம் சேட்டைதான்.

இன்னொரு தப்பு, திரவ நைட்ரஜன். சீக்கிரம் உறைந்தால் சேதம் குறைவு என்று திசுத் துண்டுகளை உறைய வைக்கிறவர்களிடமிருந்து காதில் விழுந்த வார்த்தையை நம்பி, குப்பிகளை அதில் முக்கி எடுத்தேன். படாரென்று உறைந்தால் பனிப் படிகங்கள் பொடிப்பொடியாக உண்டாகும். பொடிப் படிகம் என்றால் மொத்தப் பரப்பு அதிகம், பனியின் பரப்பில் போய் ஒட்டித்தான் புரதம் உருக்குலைகிறது. போதாததற்கு, பனி போன பிறகு மிஞ்சும் துளைகளும் பொடிசு, ஆவி வெளியேற நாளாகும். இரண்டு வகையிலும் நஷ்டம். இப்போது இயந்திரத்தின் தட்டிலேயே நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் மைனஸ் 45 வரை இறக்குகிறோம். பிறகு மைனஸ் 20-க்கு ஏற்றிச் சில மணி நேரம் வைத்து மறுபடி இறக்கினால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துகொள்ளும். உலரும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. பனிப் பரப்பிலிருந்து காப்பாற்ற 0.02% ட்வீன் 20, மருந்துக் காகிதத்தில் பாலிசார்பேட் 20 என்று இருப்பது இதுதான். எனக்குக் கிடைத்த பலனில் செலவுக்கு அதிக லாபம் இதில்தான். பரப்பில் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்துக்கொள்வது ட்வீனின் வேலை. நீர்த்த ஆன்டிபாடிக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதே பரப்பில் ஒட்டிப்போகும் அளவு, குறைவாக இருக்கும் புரதத்தில் பெரிய பங்காகிவிடும்.

உலர்த்தும் கட்டத்தைப் பற்றி இயந்திரம் விற்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். உறைந்த சுக்ரோஸ் பாகு மைனஸ் 32 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும், டிரெஹலோஸ் மைனஸ் 30 வாக்கில். உப்பு சேர்ந்தால் அது இன்னும் கீழே போகும், உப்பை ஒதுக்க இது இரண்டாவது காரணம். குப்பிக்குள் இருக்கும் பொருள் அந்தப் புள்ளிக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேயே இருக்க வேண்டும். தட்டின் வெப்பநிலையை அப்படி வைக்க வேண்டியதில்லை, இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஒரு கிராம் பனி ஆவியாக 2,800 ஜூல் வாக்கில் வெப்பம் எடுத்துக்கொள்கிறது, ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து கொதிக்கும் வரை சூடாக்க ஆவதைப் போல் ஆறரை மடங்கு. அதனால் ஆவியாகும் வரை பொருள் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். எங்கள் தட்டு மைனஸ் 25-இல் இருக்கும்போது குப்பிக்குள் மைனஸ் 35 காட்டும். அந்த வெப்பநிலையில் பனியின் ஆவி அழுத்தம் 0.22 மில்லிபார், இயந்திரத்தின் உள்ளறையை 0.1-இல் வைத்தால் ஆவி தானாக வெளியேறும். ஓரத்துக் குப்பிகள் சுவரின் சூட்டை வாங்கி முன்னதாக உலரும், நடுவில் இருப்பவை கடைசி. வெப்பமானி செருகிய குப்பியும் மற்றவற்றை முந்திக்கொள்ளும். அது தட்டின் வெப்பநிலையைத் தொட்டுவிட்டது என்று உடனே அடுத்த கட்டத்துக்குப் போகாமல் சில மணி நேரம் பொறுப்பது நல்லது.

ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் லையோ இயந்திரத்தை யாரோ அந்த இணைப்பிலிருந்து கழற்றி ஏசிக்குக் கொடுத்திருந்தார்கள். யாரென்று இன்றுவரை வெளியே வரவில்லை. காலையில் வந்து பார்த்தால் குப்பிகளில் கேக் எல்லாம் உருகி, சுருங்கி, அடியில் பாகு காய்ந்த மாதிரி ஒட்டிக்கிடந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "தூக்கிப் போட்டுடலாம்பா" என்றார். எனக்கு மனசு வரவில்லை. எப்படியும் வீண்தானே என்று உலர்த்தலை முடித்து, கரைத்து, எலைசா போட்டேன். வரைகோடு ஃப்ரிட்ஜில் இருந்த திரவத்தின் கோட்டின் மேலேயே படிந்து போனது!

இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பி.பி.எஸ்.ஸில் செய்த முதல் தொகுதி, மினி இட்லி, செத்தது. ஹிஸ்டிடினும் சுக்ரோஸும் ட்வீனும் போட்டு, கரண்ட் போய்க் குலைந்த தொகுதி, பார்க்கச் சகிக்காது, உயிரோடு இருக்கிறது. குலைந்ததை நான் விற்கவில்லை. அதில் ஈரம் அதிகம் தங்கும், கரையவும் நேரம் எடுக்கும், வாங்குகிறவர் பார்த்த உடனே திருப்பி அனுப்பிவிடுவார். ஆனாலும் கேக்கின் முகத்தைப் பார்த்துத் தேர்ச்சி கொடுக்கும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

கடைசிக் கட்டம் மிச்ச ஈரத்தை எடுப்பது. மெதுவாக 25 டிகிரிக்கு ஏற்றி ஐந்தாறு மணி நேரம். ஈரம் 1% வாக்கில் வந்தால் எங்களுக்குப் போதும். முழுக்க உலர்ந்த சுக்ரோஸ் கண்ணாடி 60 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஈரம் ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் சுமார் பத்து டிகிரி இறங்கும். மே மாத லாரிக்குள் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டிரெஹலோஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன், அதன் புள்ளி 100-ஐத் தாண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

ஈரக் கணக்கில் நாங்கள் ஏமாந்தது ரப்பர் மூடியில். உலர்த்திய அன்று அளந்தால் ஈரம் அருமையாக இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கேக் ஓரங்களில் விலகிச் சுருங்கியிருக்கும். மூடி சரியாகப் பொருந்தவில்லை, காற்று புகுகிறது என்று மூடியை மாற்றினோம், அலுமினியச் சீலை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தெரிந்தது, ஆட்டோகிளேவில் நீராவி குடித்த ரப்பர் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கேக்குக்குக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. இப்போது மூடிகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகு 100 டிகிரிக்கு மேல் உலர்அடுப்பில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுத்தான் எடுக்கிறோம். வெற்றிடத்தை உடைக்கும்போதும் அறைக் காற்றை விடக் கூடாது. உலர்ந்த நைட்ரஜனை விட்டு, இயந்திரத்துக்குள்ளேயே மூடியை அழுத்திவிட வேண்டும். சென்னைக் காற்று ஒரு வாய் போதும், பஞ்சுமிட்டாய் கதைதான்.

வெளியிலிருந்து வாங்கிய ஆன்டிபாடியை அப்படியே உலர்த்த நினைப்பவர்கள் முதலில் லேபிளைப் பார்க்க வேண்டும். 50% கிளிசரால் என்று இருந்தால் எந்த இயந்திரமும் உலர்த்தித் தராது, இரண்டு நாள் கழித்தும் பிசுபிசு என்றே இருக்கும். டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பையில் ஊற்றி வேறு கரைசலில் ஊறவைத்து, எடுத்துவிட வேண்டும். கிருமி வராமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். அமிலம் பட்டால் அது விஷமுள்ள, சுலபமாக ஆவியாகும் ஹைட்ரசோயிக் அமிலமாகும். வெற்றிடத்தில் அது நேராக இயந்திரத்துக்குள் போகிறது, உள்ளே செம்புப் பாகம் இருந்தால் வெடிக்கக்கூடிய உப்பு உண்டாகலாம். பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ரத்தப் புரதம் கலந்திருந்தால் உலர்த்துவதற்கு நல்லதுதான், பனிப் பரப்புக்கு அதுவும் ஒரு பலியாடு. ஆனால் பிறகு என்சைமோ சாயமோ ஒட்டவைக்கப் போகிறீர்கள் என்றால், பாதிக்கு மேல் பி.எஸ்.ஏ.விலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

என் அக்கா ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். என் தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கறை: பாம்புக்கடி மருந்து. அதுவும் ஆன்டிபாடிதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. விஷம் எடுத்துத் தருவதில் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து உலர்த்திய தூளாக வருவதால்தான் ஃப்ரிட்ஜ் சரியாக ஓடாத ஊரிலும் அலமாரியில் வைக்க முடிகிறது. பத்து மில்லிலிட்டர் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். கடிபட்டவர் கட்டிலில் கிடக்க, ஆரம்ப அளவே எட்டு, பத்து குப்பி.

"உங்க லேப்ல சீக்கிரம் கரையுற மாதிரி பண்ணத் தெரியாதாடா?" என்று கேட்டாள். "பக்கத்துல சொந்தக்காரங்க கத்திக்கிட்டு நிப்பாங்க, எனக்குக் கை தன்னால குலுக்கும்."

குலுக்கினால் நுரைதான் வரும். நுரையின் பரப்பும் பனியின் பரப்பு மாதிரியே, ஆன்டிபாடி அதில் ஒட்டி உருக்குலையும், நுரை அடங்கும் வரை ஊசியில் ஏற்றவும் முடியாது. தண்ணீரைக் குப்பிச் சுவரில் வழியவிட்டு, உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றச் சொன்னேன். "எல்லாம் தெரியும், நீ வந்து ராத்திரி ரெண்டு மணிக்குச் சுழட்டிப் பாரு" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் சோதனைத் தாளில் 'கரைய ஆகும் நேரம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன், கடிகாரம் வைத்து அளக்கிறோம். கிட்டோடு போகும் துண்டுச்சீட்டையும் திருத்தினேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்கவும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் கேக்கில் படியும். சுத்தமான தண்ணீரில் மட்டும் கரைக்கவும், பஃபரில் கரைத்தால் கேக்கில் ஏற்கனவே இருக்கும் பஃபரோடு அதுவும் சேர்ந்துவிடும். குலுக்க வேண்டாம், ஐந்து நிமிடம் அப்படியே விடவும். இந்தக் கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டும், மதுரையிலிருந்து ஒரு லேப்காரர் போன வாரம் போன் செய்து, "சார், நல்லா குலுக்கிட்டேன், நுரையா வருது, பரவாயில்லையா?" என்று கேட்டார்.